பழைய விமான கிட்: முதலீடா, செலவா?

"பிரிக்காம வெச்சா விலை ஏறும், சார்" என்று நண்பர் ஒருவர் பழைய ஏர்ஃபிக்ஸ் விமான கிட்டைக் காட்டினார். கார்டு இஎம்ஐயில் வாங்கியது! நான் கேட்டது ஒன்றுதான்: இதோட அச்சு யார்கிட்ட இருக்கு?

1950-களில் பிரிட்டனில் ஏர்ஃபிக்ஸின் முதல் ஸ்பிட்ஃபயர் கிட் வுல்வொர்த்ஸ் கடைகளில் 2 ஷில்லிங். இந்த பிளாஸ்டிக் பாகங்கள் எல்லாம் உலோக அச்சில் வார்ப்பவை. அச்சு பத்திரமா இருந்தா, கம்பெனி நினைச்சப்போ மறுபடியும் வார்க்கலாம். 'விண்டேஜ் கிளாசிக்ஸ்' வரிசையில் ஏர்ஃபிக்ஸ் அதைத்தான் செய்யுது. ஒட்டிப் பார்க்க ஆசைப்படுறவங்க புதுசையே வாங்கிடுவாங்க. பழசுக்கு மிச்சம், டப்பா படத்துக்காகத் தேடும் சிலர் மட்டும். உள்ளே டெகால் ஸ்டிக்கர் வேற வருஷம் போகப்போக மஞ்சளாகும்.

எஸ்ஐபி போன பிறகு, பொழுதுபோக்குக்கு ஒதுக்கின பணத்துல வாங்குங்க, தப்பே இல்ல. நண்பர் இஎம்ஐயை முன்கூட்டியே முடிச்சுட்டு, டப்பாவையும் பிரிச்சுட்டார். இறக்கை ஒட்டியாச்சாம்.