படம் பிடிப்போம், பதிவும் செய்வோம்

மாணவர்களே, பூங்காவுக்குப் போகும்போது ஒரு தும்பியையோ பட்டாம்பூச்சியையோ கைப்பேசியில் படம் பிடித்திருப்பீர்கள். படம் நன்றாக வந்தால் நண்பர்களுக்கு அனுப்புகிறோம். சில நாளில் அது மற்ற படங்களோடு கலந்து மறைந்துவிடுகிறது. ஆனால், நம் நாட்டில் ஒருவர் எடுத்த பூச்சிப் படம் அறிவியலுக்கு ஒரு புதிய இனத்தையே தந்திருக்கிறது. அது எப்படி நடந்தது என்று பார்ப்போமா?

சிலாங்கூரில் பறந்த பூச்சி

2011 மே மாதம், குவெக் ஹொக் பிங் என்ற மலேசிய ஒளிப்படக்காரர் சிலாங்கூர் காட்டில் ஒரு பச்சை நிறப் பூச்சியைப் படம் எடுத்தார். அது கண்ணாடி இறக்கைப் பூச்சி வகையைச் சேர்ந்தது. அதன் இறக்கையின் அடிப்பகுதியில் கறுப்பு வலை போன்ற கோலமும் நீலப் புள்ளிகளும் இருந்தன. படம் எடுத்து முடித்ததும் பூச்சி பறந்துவிட்டது. அவர் அந்தப் படத்தை ஃபிளிக்கர் இணையத்தளத்தில் பதிவேற்றினார்.

கலிபோர்னியாவில் பூச்சியியல் வல்லுநராகப் பணியாற்றிய ஷான் வின்டர்டன் தற்செயலாக அதைப் பார்த்தார். அந்த இறக்கைக் கோலம் அவர் அறிந்த எந்த இனத்தோடும் ஒத்துப்போகவில்லை. மற்ற வல்லுநர்களுக்கும் அது தெரியவில்லை. உடனே குவெக்கைத் தொடர்புகொண்டு, பூச்சி கையில் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை!

படத்தை மட்டும் வைத்து ஏன் பெயர் சூட்டவில்லை? ஓர் இனத்தை மற்றோர் இனத்திலிருந்து பிரித்தறிய இறக்கை நரம்புகளின் அமைப்பு, உடலின் மிகச் சிறிய உறுப்புகள் ஆகியவற்றை நுண்ணோக்கியில் ஆராய வேண்டும். ஒரே கோணத்தில் எடுத்த படத்தில் இவை எல்லாம் தெரிவதில்லை.

ஏறத்தாழ ஓராண்டு கழித்து, குவெக் அதே பகுதியில் மீண்டும் அந்தப் பூச்சியைக் கண்டார். இம்முறை அதைப் பிடித்து வைத்தார். அது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்த ஸ்டீவ் புரூக்ஸ் என்ற வல்லுநரைச் சென்றடைந்தது. அவர் ஆராய்ந்து, இது புதிய இனம்தான் என்று உறுதிப்படுத்தினார். வியப்பு என்னவென்றால், சபாவில் கிடைத்த அதே இனப் பூச்சி ஒன்று அந்த அருங்காட்சியகச் சேகரிப்பிலேயே பல ஆண்டுகளாகப் பெயரில்லாமல் இருந்தது. 2012ஆம் ஆண்டில் மூவரும் இணைந்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். செமக்ரைசா ஜேட் என்று பூச்சிக்குப் பெயர் வைத்தனர். ‘ஜேட்’ என்பது வின்டர்டன் மகளின் பெயர்.

இடமும் நாளும் ஏன் முக்கியம்?

படம் எங்கே எடுக்கப்பட்டது என்று குவெக்கிற்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அதே இடத்திற்குத் திரும்பிப் போக முடிந்தது. அந்த ஒரு விவரம் இல்லையென்றால், அது பெயர் தெரியாத ஓர் அழகான பூச்சிப் படமாகவே நின்றிருக்கும்.

இந்த விஷயத்தில் பெரிய அறிஞர்களே தடுமாறியிருக்கிறார்கள். 1835இல் கலாபகோஸ் தீவுகளில் பறவைகளைச் சேகரித்த சார்லஸ் டார்வின், எந்தக் குருவி எந்தத் தீவில் கிடைத்தது என்று பலவற்றுக்குக் குறித்து வைக்கவில்லை. தீவுக்குத் தீவு பறவைகள் வேறுபடலாம் என்ற கேள்வி பின்னர் எழுந்தபோது, கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராய் உள்ளிட்ட மற்றவர்களின் சேகரிப்பை நாட வேண்டியதாயிற்று.

ஆகவே, படம் எடுத்த அன்றே ஐந்து விவரங்களைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்: நாள், நேரம், இடம், வானிலை, அந்த உயிர் என்ன செய்துகொண்டிருந்தது என்பது. ஐந்தாவதை எந்தக் கைப்பேசியும் தானாகக் குறித்துத் தராது.

தெளிவான படத்துக்குக் கொஞ்சம் இயற்பியல்

காற்றில் ஓர் இலை வினாடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் அசைகிறது என்று வைத்துக்கொள்வோம். கேமரா 1/100 வினாடி ஒளியை உள்ளே விட்டால், அந்த நேரத்தில் இலை 1 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். இலைமேல் இருக்கும் பூச்சியின் நீளம் 10 மில்லிமீட்டர் என்றால், அதன் உடலில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் படம் கலங்கும். 1/1000 வினாடியாகக் குறைத்தால் நகர்வு 0.1 மில்லிமீட்டர்தான். ஆனால், அவ்வளவு குறைந்த நேரத்தில் போதுமான ஒளி கிடைக்க நல்ல வெளிச்சம் தேவை. அதனால், வெளிச்சம் நன்றாக வந்து, காற்று அடங்கியிருக்கும் காலை வேளை ஏற்றது.

இன்னொன்று. கேமரா பொருளை நெருங்க நெருங்க, தெளிவாக விழும் பகுதியின் ஆழம் குறையும். கண் தெளிவாக இருக்கும், வால் மங்கிவிடும். பூச்சியைப் பக்கவாட்டிலிருந்து எடுத்தால் தலையும் வாலும் ஏறக்குறைய ஒரே தொலைவில் இருப்பதால் முழு உடலும் தெளிவாகும். மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் முகத்துக்கு நேரேயும் எடுத்தால் அடையாளம் காண்பது எளிது.

கறிவேப்பிலைத் தொட்டியில் ஓர் ஆய்வு

நல்ல கேமராவோ காட்டுப் பயணமோ இல்லாமலே தொடங்கலாம். நம்மில் பலரின் வீட்டில் கறிவேப்பிலைச் செடி உண்டு. சில வண்ணத்துப்பூச்சிகள் கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் முட்டையிடுகின்றன. முட்டையிலிருந்து வரும் சிறிய புழு, பார்ப்பதற்குப் பறவை எச்சம் போலவே இருக்கும். பலமுறை தோலுரித்து வளர்ந்தபின் இலைப் பச்சை நிறத்துக்கு மாறிவிடும். இரண்டும் எதிரியின் கண்ணிலிருந்து தப்பும் வழிகள்.

அம்மாவிடம் சொல்லி ஒரு கிளையை மட்டும் விட்டுவைக்கச் சொல்லுங்கள். தினமும் ஒரே நேரத்தில், புழுவுக்கு அருகில் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். புழுவைத் தொட வேண்டாம். அளவுகோலை வைக்க முடியாவிட்டால், புழு இருக்கும் இலையை அது நகர்ந்த பிறகு அளந்துகொள்ளுங்கள். இலையின் அகலம் 30 மில்லிமீட்டர், படத்தில் புழுவின் நீளம் அந்த அகலத்தில் பாதி என்றால், புழுவின் நீளம் 15 மில்லிமீட்டர்.

நாளை கிடை அச்சிலும் நீளத்தைச் செங்குத்து அச்சிலும் வைத்து வரைபடம் வரையுங்கள். எந்த நாளில் வளர்ச்சி வேகமாகிறது? எத்தனை மில்லிமீட்டர் நீளத்தில் எச்ச நிறம் மறைந்து பச்சையாகிறது? பள்ளி அறிவியல் விழாவுக்கு இதுவே ஒரு செயல்திட்டம் ஆகும். புழு திடீரென்று காணாமல் போனால் வருந்தாதீர்கள். அந்த நாளையும் எழுதி வையுங்கள். பறவையோ குளவியோ கொண்டு போயிருக்கலாம். அதுவும் இயற்கையின் கணக்கில் ஒரு வரிதான்.

வெளியே போகும்போது சில விதிகள்: பறவைக் கூட்டை நெருங்க வேண்டாம். படத்துக்காகக் கிளையை ஒடிக்கவோ, பூச்சியைப் பிடித்து அடைக்கவோ வேண்டாம். மயிர்ப் புழுக்களைத் தொட்டால் அரிப்பு உண்டாகலாம். காட்டுப் பாதைக்குத் தனியே போகாதீர்கள்.

ஒரு கேள்வியும் ஒழுங்கான குறிப்பும் சேர்ந்தால்தான் படம் ஆதாரமாகிறது. இன்று மாலை ஒரு செடியைத் தேர்ந்தெடுங்கள். முதல் படத்தை எடுத்ததும், கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, குறிப்பேட்டில் முதல் ஐந்து விவரங்களை எழுதுங்கள்.