காண்பது கண்ணா, கருத்தா?

ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் உளவியல் வகுப்பில் ஒரு நாள் விரிவுரையாளர் கரும்பலகையில் ஒரு படம் வரைந்தார். வகுப்பில் பாதிப் பேர் அதைப் பூச்சாடி என்றனர். மீதிப் பேர் ஒன்றையொன்று நோக்கும் இரு முகங்கள் என்றனர். டென்மார்க் நாட்டு அறிஞர் எட்கர் ரூபின் 1915ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வால் புகழ்பெற்ற படம் அது. சாடியைக் காணும்போது முகங்கள் மறைகின்றன. முகங்களைக் காணும்போது சாடி மறைகிறது. கோடுகளோ அசையவில்லை. புலன்களின் வழியே வந்து சேரும் செய்தி வேறு, அச்செய்திக்கு உள்ளம் பொருள் கற்பித்து ஏற்றுக்கொள்ளும் புலன்காட்சி வேறு என்று அன்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். தேர்வில் அவ்வினாவிற்கு நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. எழுதியதன் பொருள் நமக்கு விளங்குவதற்கோ ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் ஆயின.

1979ஆம் ஆண்டு ஏழாம் வகுப்பிற்கு வரலாறு கற்பித்து வந்தோம். அப்போது இல்லத்தில் மாமியார் நோயுற்றுப் படுத்திருந்தார். வைத்தியச் செலவு குறித்து முதல்நாள் இரவில் எழுந்த பேச்சு காலையிலும் ஓயவில்லை. பேருந்தைத் தவறவிட்டு, மணி அடித்த பின்னரே வகுப்பில் நுழைந்தோம். முதலாம் பானிப்பட்டுப் போர் நடந்த ஆண்டை 1526 என்று எழுதுவதற்குப் பதில் 1562 என்று பலகையில் எழுதிவிட்டோம். ஒரு மாணவி எழுந்து பிழையைச் சுட்டினாள். வகுப்பில் சிறு சலசலப்பு. திரும்பிப் பார்த்தபோது மூன்றாம் பெஞ்சில் ஒரு பெண் நம்மைப் பார்த்து ஏளனமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சிரிப்பு?" என்றோம். "சிரிக்கவில்லை, டீச்சர்" என்றாள். சிரித்ததும் அன்றிப் பொய்யும் சொல்கிறாள் என்று சினம் இரட்டித்தது. நண்பகல் மணி அடிக்கும்வரை அவளை வகுப்பறைக்கு வெளியே நிற்க வைத்தோம்.

உணவு இடைவேளையில் உடன் பணியாற்றிய ஆசிரியை ஒருவர், "அந்தப் பெண்ணுக்கு முன்பற்கள் தூக்கியிருப்பதை நீங்கள் கவனித்ததே இல்லையா? வாயை மூடினாலும் அவளுக்கு உதடு கூடாதே" என்றார். நாம் கவனித்ததில்லை. அன்றாடம் கண்ட முகம் அது. அதனினும் வியப்பு, பள்ளி திறந்த ஜூன் மாதத்தில் அதே முகத்தைத்தான் 'சிரித்த முகம்' என்று பிறரிடம் நாமே பாராட்டியிருந்தோம். முகம் ஒன்றே, உள்ளம் நன்றாயிருந்த நாளில் அது இனிமையாகத் தோன்றியது, உள்ளம் கசந்த நாளில் ஏளனமாகத் தோன்றியது.

மறுநாள் அவளை அழைத்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மாணவியிடம் ஆசிரியை வருத்தம் தெரிவிப்பது அக்காலத்து வழக்கமன்று எனச் சமாதானம் செய்துகொண்டு வாளா இருந்துவிட்டோம். அவளோ அன்று முதல் பாடம் ஒப்பிக்கும்போதும் வலக்கையால் வாயை மறைத்துக்கொள்ளத் தொடங்கினாள்.

ஓய்வு பெற்ற பின்னர், புலன்காட்சி குறித்த ஆய்வுகளை நாம் தேடிப் படித்ததற்கு இந்நிகழ்ச்சியே காரணம். அவற்றுள் சிலவற்றை ஈண்டு வாசக அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

முதலில் கவனம் பற்றியது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சப்ரி என்னும் இருவர் நடத்திய சோதனை 1999இல் வெளியாயிற்று. வெள்ளைச் சட்டை அணிந்தோர் சிலரும் கறுப்புச் சட்டை அணிந்தோர் சிலரும் பந்தை எறிந்து பிடிக்கும் படக்காட்சி ஒன்றைக் காட்டி, ஒரு குழுவினர் எத்தனை முறை பந்தை மாற்றிக்கொள்கின்றனர் என எண்ணுமாறு பார்ப்போரிடம் கூறினர். காட்சியின் நடுவே கொரில்லா வேடம் பூண்ட ஒருவர் ஆட்டக்காரர்களின் இடையே நடந்து செல்கிறார். பார்த்தோரில் ஏறக்குறையப் பாதிப் பேர் அவ்வுருவத்தைக் காணவே இல்லை!

பயிற்சி இல்லாதவர்கள்தாம் இவ்வாறு தவறவிடுவர் என்று எண்ண வேண்டா. 2013இல் வெளியான மற்றோர் ஆய்வில் 24 கதிரியக்க மருத்துவர்கள் நுரையீரல் படங்களில் நோய்க்கட்டிகளைத் தேடினர். இறுதிப் படங்களில் சிறிய கொரில்லா உருவம் ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது. சிறிய உருவம் என்றாலும் அவர்கள் தேடிய கட்டியைப் போல 48 மடங்கு பெரியது. 24 பேரில் 20 பேர் அதைக் காணவில்லை. கண்ணின் அசைவைப் பதிவு செய்யும் கருவியை வைத்து ஆராய்ந்தபோது, அந்த 20 பேரில் 12 பேரின் பார்வை கொரில்லாவின் மீதே பதிந்திருந்தது புலனாயிற்று. கண் சென்று சேர்ந்தும் கருத்து சேரவில்லை. எதைத் தேடுகிறோமோ அதுவே அகப்படுகிறது. தேடாதது எதிரில் நின்றாலும் இல்லாததாகிவிடுகிறது. மூன்றாம் பெஞ்சுப் பெண்ணின் பற்களை நாம் காணாததற்கு இதனினும் நல்ல விளக்கம் கிடைக்கவில்லை.

மனவெழுச்சி மிகும்போது இக்கவனம் மேலும் குறுகுகிறது. எலிசபெத் லாஃப்டஸ் முதலிய மூவர் 1987இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றுண்டு. உணவு விடுதியில் வாடிக்கையாளர் ஒருவர் காசாளரிடம் காசோலையை நீட்டும் படங்களை ஒரு சாராரும், அவரே துப்பாக்கியை நீட்டும் படங்களை மற்றொரு சாராரும் கண்டனர். துப்பாக்கியைக் கண்டவர்களின் பார்வை அதன்மீதே மிகுதியாகத் தங்கியது. அதை ஏந்தியவரைப் பற்றிய நினைவோ குறைந்திருந்தது. சினத்திலும் அச்சத்திலும் எதிரிலுள்ளவரின் ஏதோ ஓர் உறுப்பு மட்டுமே நமக்குத் தெரிகிறது. அன்று நமக்குத் தெரிந்தது அவளது வாய் மட்டுமே. கண்களில் சிரிப்பு இருந்ததா, கைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்று கேட்டால் இன்றும் விடையில்லை.

இனி, சார்பு. 1951ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்காவில் டார்ட்மத், பிரின்ஸ்டன் என்னும் இரு கல்லூரி அணிகளிடையே நடந்த கால்பந்தாட்டம் முரட்டுத்தனமாக முடிந்தது. ஹாஸ்டார்ஃப், கான்ட்ரில் என்னும் இரு உளவியலறிஞர்கள் அவ்வாட்டத்தின் படச்சுருளை இரு கல்லூரி மாணவர்க்கும் காட்டி, விதிமீறல்களைக் குறிக்கச் செய்தனர். டார்ட்மத் அணியின் மீறல்கள் என்று டார்ட்மத் மாணவர்கள் குறித்தவற்றைப் போல இரு மடங்கிற்கும் மேலாகப் பிரின்ஸ்டன் மாணவர்கள் குறித்தனர். படச்சுருள் ஒன்றே. இம்முடிவு 1954இல் வெளியாயிற்று. நம் குடும்பங்களில் நிலத்தகராறு, சம்பந்திச் சண்டை ஆகியவற்றில் இரு தரப்பாரும் 'என் கண்ணால் பார்த்தேன்' என்று மனமார உறுதி கூறுவதை நினைத்துக்கொள்க. இருவருமே பொய் சொல்லவில்லை என்பதுதான் அங்குள்ள சிக்கல்.

நம் நிகழ்ச்சிக்கு மிக நெருங்கியது 2018இல் எரிகா சீகல், லிசா ஃபெல்ட்மன் பேரட் முதலியோர் வெளியிட்ட ஆய்வு. எவ்வுணர்ச்சியும் காட்டாத வெறும் முகப்படத்தை ஒரு கண்ணுக்கும், பார்ப்பவர் உணராதவண்ணம் மங்கலாகச் சிரித்த முகப்படத்தை மற்றொரு கண்ணுக்கும் காட்டினர். சிரித்த முகத்தைக் கண்டதாகவே பார்ப்பவர் அறியார். எனினும் வெறும் முகத்தைச் சற்றே சிரித்த முகமாகக் கண்டனர். தாம் அறியாமலே உள்ளத்தில் எழுந்த இனிமை எதிரிலுள்ள முகத்தில் ஏறிவிடுகிறது.

இங்கே நம் முன்னோர் நூலை நினையாதிருக்க இயலவில்லை. தத்வார்த்த சூத்திரத்தின் முதல் அத்தியாயம் மதிஞானத்தை அவக்கிரகம், ஈகை, அவாயம், தாரணை என நான்காக வகுக்கிறது. (இந்த ஈகை கொடைப்பொருளில் வருவதன்று, அறிய விழையும் முயற்சியைக் குறிக்கும் வடசொல்.) பூஜ்யபாதரின் சர்வார்த்தசித்தி இதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு குழந்தைக்கும் விளங்கும். வெண்மையாக ஏதோ ஒன்று தெரிகிறது, அது அவக்கிரகம். கொக்கா, கொடியா என்று ஆராய முற்படுகிறோம், அது ஈகை. சிறகடிப்பதையும் ஏறி இறங்குவதையும் கண்டு, கொக்கே எனத் துணிகிறோம், அது அவாயம். காலையில் கண்ட கொக்கே இது எனப் பின்னர் நினைவுகூர்வதற்கு ஏதுவானது தாரணை.

1979இல் நடந்தது என்ன? உதடு விரிந்த ஒரு முகம் தெரிந்தது. கொக்கா கொடியா என்று நாம் கேட்கவில்லை. முதற்படியிலிருந்து மூன்றாம் படிக்குத் தாவினோம். அத்தவறான துணிபை நான்காம் படியிலும் இருத்திக்கொண்டு, நண்பகல்வரை அவளை நிற்க வைத்தோம்.

அத்தாவலைச் செய்விப்பவை யாவை? கோபம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கு கஷாயங்களைச் சிறுவயதிலேயே பாடம் செய்திருக்கிறோம். கஷாயம் என்னும் சொல்லுக்குத் துவர் என்ற பொருளும் உண்டு. நூலுக்குச் சாயம் ஏற்றுமுன் கடுக்காய்த் துவரில் நனைத்தால் சாயம் கெட்டியாகப் பற்றும் என்பதைச் சாயத் தொழில் அறிந்தவர் கூறுவர். அன்று நம்மிடம் கோபம் மட்டும் இருந்ததாகத் தோன்றவில்லை. ஆண்டைத் தவறாக எழுதி மாணவியால் திருத்தப்பட்டோமே, அந்த மானக் கஷாயமே கோபத்தைப் பற்ற வைத்த துவர் என்று இப்போது தோன்றுகிறது.

ஆயினும் ஒன்று. எல்லாம் மனத்தின் வண்ணமே என்று முடித்துவிடலாகாது. மியூலர்-லயர் என்பார் 1889இல் வெளியிட்ட படத்தில் நீளம் ஒத்த இரு கோடுகள், முனையிலுள்ள அம்புக்குறிகளால் நெட்டையும் குட்டையுமாகத் தெரியும். அளவுகோல் வைத்து அளந்து, இரண்டும் சமமென்று அறிந்த பின்னும் அவ்வாறே தெரியும். அறிவு சொல்வதைக் கண் கேட்பதில்லை. மேலும், சுமை தூக்கியவருக்கு மலை செங்குத்தாகத் தெரிகிறது என்று 1999இல் ஓர் ஆய்வு வெளியாகிப் பலராலும் பேசப்பட்டது. பொன்னூர் மலையில் குந்தகுந்தர் திருவடியை வணங்க முழங்கால் வலியோடு ஏறும் நமக்கு அது மிகவும் பொருத்தமாகவே பட்டது! ஆனால் 2009இல் ஃபிராங்க் டர்கின் முதலியோர் அதைச் சோதித்தனர். சுமக்கும் பை தசையின் வேலையை அளக்கும் கருவிக்கானது என்று சொல்லி வேறு காரணம் காட்டப்பட்டவர்களுக்குச் சரிவு அவ்வாறு செங்குத்தாகத் தெரியவில்லை. ஆய்வாளர் எதிர்பார்ப்பதை ஊகித்துக்கொண்டவர்களே கூட்டிச் சொல்லியிருந்தனர். மனநிலை எவ்வளவு தூரம் கண்ணையே மாற்றுகிறது, எவ்வளவு தூரம் கண்டதைப் பற்றிய தீர்ப்பை மட்டும் மாற்றுகிறது என்பதில் அறிஞரிடையே இன்னும் வழக்கு உண்டு. கையோங்கிய ஆசிரியை முன் நிற்கும் குழந்தைக்கு அவ்வேறுபாடு பெரிதன்று என்பது நம் கருத்து.

இதனால் நாம் செய்த சிறு மாற்றம் ஒன்றைச் சொல்லலாம். பிற்காலத்தில் நம் பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்கு வந்த மாணவ ஆசிரியைகளிடம், குறிப்பேட்டின் பக்கத்தை நடுவில் கோடிட்டுப் பிரிக்கச் சொன்னோம். இடப்பக்கம் கண்டதும் கேட்டதும். வலப்பக்கம் அதைப் பற்றி நினைத்தது. முதல் வாரத்தில் எல்லாரும் திணறினர். ஒருவர் இடப்பக்கத்தில் 'அலட்சியமாக அமர்ந்திருந்தான்' என்று எழுதியிருந்தார். 'அலட்சியம் எந்தக் கண்ணுக்குத் தெரிந்தது?' என்று கேட்டோம். அடித்துவிட்டு, 'தலையைக் கையில் சாய்த்திருந்தான்' என்று திருத்தினார். மறுநாள் அச்சிறுவனை விசாரித்ததில், காதுவலியால் இரவெல்லாம் உறங்கவில்லை என்று தெரிந்தது. விடைத்தாள் திருத்துவதிலும் பெயர் எழுதிய முகப்புத்தாளை மடித்து ஊசி குத்திவிட்டுத் திருத்துவதை வழக்கமாக்கிக்கொண்டோம். சில மதிப்பெண்கள் நாம் எதிர்பாராத இடங்களில் விழுந்தன.

இல்லங்களிலும் இதைச் செய்து பார்க்கலாம். ஆலய விழாவிற்கோ திருமணத்திற்கோ சென்று திரும்பியதும், ஒருவரோடொருவர் பேசுமுன் ஒவ்வொருவரும் தாம் கண்டவற்றுள் ஐந்தை மட்டும் எழுதுக. பிறகு படித்துப் பார்க்க. ஒரே பந்தலில் அமர்ந்து உண்டவர்கள் வெவ்வேறு திருமணங்களுக்குச் சென்று வந்தவர்களைப் போல எழுதியிருப்பர். பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டு. பெரியவர்கள்தாம் சற்று முகம் சுளிக்கக்கூடும்.

அவ்வாண்டின் இறுதியில் எடுத்த வகுப்புப் புகைப்படம் இன்றும் நம்மிடம் உள்ளது. சென்ற கோடை விடுமுறையில் பேரப்பிள்ளைகள் பழைய பெட்டியிலிருந்து அதை எடுத்தனர். கடைசி வரிசையில் ஒரு பெண் வாயைக் கையால் மறைத்து நிற்பதைக் கண்டு, "இந்த அக்கா எதையோ நினைத்துச் சிரிக்கிறார், பாட்டி" என்றான் இளையவன். "இல்லை, இருமுகிறார்" என்றாள் மூத்தவள். படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்த மருமகள், "அழுவதைப் போல இருக்கிறதே அத்தை, யார் இந்தப் பெண்?" என்று கேட்டாள்.