மார்கழிக் கூதலுக்கு காஸ் கணப்பு: வாங்கமுன் பாருங்கள்

நெளுக்குளத்தில் மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. இரவில் வாடைக்காற்று குத்துகிறது. தைப்பொங்கல் தாண்டும்வரை இந்தக் கூதல் இருக்கும். வெளிநாட்டு உறவுகள் வந்து நிற்கும் காலமும் இதுதான். விறகு நனைந்து புகைவதால், லண்டனிலும் கனடாவிலும் வீட்டு முற்றத்தில் எரிக்கும் காஸ் கணப்பை இங்கும் வாங்கலாமா, வருகிறவர்களிடம் கொண்டுவரச் சொல்லலாமா என்று பலர் யோசிக்கிறார்கள். வாங்கலாம். ஆனால் கடையில் முதலாவதாகக் கேட்கவேண்டிய கேள்வி, அது ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு காஸ் குடிக்கும் என்பதுதான்.

காஸ் செலவைக் கணக்குப் பாருங்கள்

ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஏறத்தாழ 13 கிலோவாட்-மணி வெப்பம் கிடைக்கும். வெளிநாட்டுக் கணப்புகள் பல 50,000 பி.டி.யு. அளவானவை, அதாவது ஏறத்தாழ 15 கிலோவாட். முழுவீச்சில் எரித்தால் மணித்தியாலத்துக்கு ஒரு கிலோவுக்கும் மேல் போகும். 12.5 கிலோ சிலிண்டர் பத்து மணித்தியாலத்தைச் சற்றுத் தாண்டும். குசினிக்கு மாதக்கணக்கில் வரும் காஸ் மூன்று, நான்கு இரவுகளில் முடிந்துவிடும்.

நான்கைந்து பேர் சுற்றியிருந்து குளிர்காய 7 கிலோவாட், அதாவது 24,000 பி.டி.யு. போதும். 5 கிலோ சிலிண்டரில் அது ஒன்பது மணித்தியாலம் எரியும்.

பெரிய கணப்புக்குச் சின்னச் சிலிண்டர் பூட்டாதீர்கள். உள்ளே இருக்கும் திரவம் ஆவியாகும்போது சிலிண்டர் குளிர்ந்துபோகும். காஸை வேகமாக இழுத்தால் வெளிப்புறம் வியர்க்கும், சிலவேளை உறைபனியும் பிடிக்கும். காஸ் மிச்சம் இருக்கும்போதே சுவாலை சுருங்கிவிடும். அப்போது சிலிண்டருக்குச் சுடுநீர் ஊற்றுவதோ நெருப்புக்குக் கிட்ட நகர்த்துவதோ கூடாது. கணப்பைக் குறைத்து எரியுங்கள்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதானால்

அங்குள்ள கணப்புகள் பெரும்பாலும் தனிப் புரொப்பேனுக்குச் செய்தவை. இங்கு வீடுகளுக்கு வருவது பியூட்டேன் கூடிய கலவை. பிரித்தானியாவில் புரொப்பேனுக்கு 37 மில்லிபார், பியூட்டேனுக்கு 28 மில்லிபார் என ரெகுலேட்டரே வேறு. அந்தக் கணப்பை நம் காஸில் அப்படியே எரித்தால் சுவாலை மஞ்சளாகிக் கரி பிடிக்கலாம். இரண்டு காஸுக்கும் ஏற்றது என்று அதன் தகட்டில் எழுதியிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அதன் ரெகுலேட்டர் நம் சிலிண்டர் வாயில் பொருந்தும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். இடையில் துண்டு வைத்துப் பொருத்தாமல், உங்கள் சிலிண்டருக்குரிய ரெகுலேட்டரையே வாங்குங்கள். காஸ் நிரம்பிய சிலிண்டரையோ ரின்னையோ விமானத்தில் கொண்டுவர முடியாது.

கணப்பில் இவை இருக்கவேண்டும்

• சுவாலை அணைந்தால் காஸைத் தானே நிறுத்தும் வால்வு. வாடை வீசும் ஊருக்கு இது கட்டாயம். இல்லாததை விலை குறைவென்று வாங்காதீர்கள்.

• சரிந்தால் தானே அணையும் அமைப்பும், அகலமான கால்களும். மழையில் இளகிய மண்ணில் ஒடுங்கிய கால் புதையும்.

• சிலிண்டரைத் தள்ளி வைக்க ஒன்றரை மீற்றராவது நீளமான குழாய்.

• கணப்புக்குள் பரப்ப, அதற்கென்றே விற்கும் எரிமலைக் கல். குளக்கட்டில் பொறுக்கிய கல்லைப் போடாதீர்கள். உள்ளே ஊறிய நீர் ஆவியாகிக் கல் வெடித்துச் சிதறும்.

எங்கே வைப்பது

திறந்த முற்றத்தில், சுவரிலிருந்தும் கிடுகு வேலியிலிருந்தும் மூன்று மீற்றர் தள்ளி வையுங்கள். பந்தல், தறப்பாள், மரக்கிளை எதற்கும் கீழே வேண்டாம். மழை தூறினால் கணப்பை விறாந்தைக்குள் இழுக்காமல் அணைத்துவிடுங்கள். காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாமல் பள்ளத்திலும் வாய்க்காலிலும் தேங்கும். கிணற்றடியையும் தாழ்ந்த மூலையையும் தவிர்த்து மேடான இடமாகப் பாருங்கள். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்கவேண்டும். படுக்கவைத்தால் திரவமே குழாய்க்குள் வந்து சுவாலை சீறும்.

வயல் காவலும் மாட்டுக் கொட்டிலும்

காலபோகப் பயிருக்கு இரவில் காவல் இருப்பவர்கள் கொட்டிலுக்குள் எதையும் எரித்துவிட்டுத் தூங்காதீர்கள். விறகானாலும் காஸானாலும் அடைத்த இடத்தில் எரிந்தால் காபனோரொட்சைட்டு சேரும். அதற்கு மணமில்லை, தூக்கத்திலேயே உயிர் போகும். சிறிய காஸ் ரின் போடும் அடுப்பு தேத்தண்ணி வைக்க மட்டும்தான். ரின்னுக்கு மேலேயும் வந்து மூடும் பெரிய சட்டியை அதில் வைத்தால் ரின் சூடேறி வெடிக்கும்.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் குளிரில் இறந்தன. அந்தப் பயத்தில் மாட்டுக் கொட்டிலுக்குள் கணப்பு வைக்கவேண்டாம். வாடை வரும் பக்கம் தறப்பாள் கட்டி, தரையில் காய்ந்த வைக்கோல் பரப்புங்கள்.

பற்றவைக்கமுன்

2021 நவம்பர், டிசம்பரில் நாடெங்கும் வீடுகளில் காஸ் வெடிப்புகள் அடுத்தடுத்து நடந்தன. அவற்றை ஆராய்ந்த பேராசிரியர் சாந்த வல்பொல தலைமையிலான குழு, காஸின் கலவை மாறியதையே முக்கிய காரணமாகச் சொன்னது. புரொப்பேன் கூடினால் சிலிண்டரின் அழுத்தமும் கூடும். 30 பாகை வெப்பத்தில் புரொப்பேனின் அழுத்தம் பியூட்டேனைவிட மூன்று மடங்குக்கு மேல். தளர்ந்த கிளிப்பும் வெடித்த குழாயும் அதைத் தாங்கா. எனவே ஒவ்வொரு முறையும் பூட்டியவுடன் பொருத்துகளில் சவர்க்கார நுரை தடவுங்கள். குமிழி வந்தால் பற்றவைக்கவேண்டாம். தீக்குச்சி கொளுத்திக் கசிவு தேடுவது உயிருக்கு வினை. சீல் உடைந்த சிலிண்டரைக் கடையிலேயே மறுத்துவிடுங்கள். முறைப்பாடு இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குச் சொல்லுங்கள்.

காஸ் மணத்தால்

சிலிண்டரின் வால்வை மூடி எல்லோரையும் காற்று வரும் பக்கமாக விலக்குங்கள். சுவிட்சைப் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். தூரப் போனபின் தொலைபேசியை எடுங்கள்: பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990. தீப்பட்ட தோலில் 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீரை ஓடவிடுங்கள். பற்பசையோ எண்ணெயோ பூசாதீர்கள்.

வயதானவர்களின் குளிருக்குக் கணப்பை நம்பவேண்டாம். திறந்தவெளியில் அதன் சூட்டில் பெரும்பங்கு மேலே போய்விடும். அவர்களுக்குக் காலுறையும் கம்பளியும் வாங்கியபின், கையில் மிச்சமிருந்தால் கணப்பை வாங்குங்கள்.