விமானியின் ஊதியமும் ஓய்வும்

தஞ்சோங் கிளிங்கிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத பத்து பெரெண்டாம் விமான நிலையத்தில் விமானப் பயிற்சிக் கழகம் ஒன்று உள்ளது. விமானியாவதற்கு இலட்சக்கணக்கான ரிங்கிட் செலவாகும். பலர் கடன் பெற்றே பயில்கின்றனர். ஆயினும், விமானி என்றாலே பெருஞ்சம்பளம் என்று எண்ணிவிட முடியாது. சிறு நகரங்களை இணைக்கும் வட்டார விமான நிறுவனங்களில் புதிய துணை விமானியின் ஊதியம் பெரும்பாலும் குறைவு. ஒரே நாளில் பலமுறை விமானத்தை ஏற்றி இறக்கவும் வேண்டும்.

2009 பிப்ரவரி 12ஆம் நாள், அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே வட்டார விமானம் ஒன்று விழுந்து நொறுங்கியது. 50 பேர் மாண்டனர். விமானியின் தவறான கையாளுதலே காரணம் என்று விசாரணை முடிவுசெய்தது. எனினும், வேறோர் உண்மையும் வெளிவந்தது. குறைந்த சம்பளம் பெற்ற துணை விமானி, சியாட்டலிலிருந்து இரவு முழுவதும் பயணம் செய்து நியூவார்க்கில் பணிக்கு வந்திருந்தார். விமானிகள் இருவரும் களைத்திருக்கக்கூடும் என அறிக்கை கூறியது.

பின்னர், பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வு அங்குக் கட்டாயமானது; 2014இல் அவ்விதி நடப்புக்கு வந்தது. ஆனால், பணியிடத்திற்கு அருகே வாடகை கொடுக்கவும் சம்பளம் போதாதவர் அந்த ஓய்வை எங்கே எடுப்பார்? விமானியின் ஊதியம் பயணிகளின் உயிரோடும் தொடர்புடையது.