வாயில்லா ஜீவன்களுக்காகப் பேச முன்வரும் செய்யூர் இளைஞருக்கு

விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் வரலாற்றில் இந்தக் கடற்கரைக்கும் பங்கு உண்டு. திருவான்மியூரில் கலாக்ஷேத்திராவை வளர்த்த ருக்மிணி தேவி அருண்டேல் 1953இல் மாநிலங்களவையில் அதற்கான தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று நேரு உறுதியளித்த பிறகுதான் அதைத் திரும்பப் பெற்றார். 1960இல் சட்டம் வந்தது. 1962இல் அமைந்த இந்திய விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர்.

அந்தச் சட்டத்தின் பலவீனம் அபராதத்தில் இருக்கிறது. மாட்டை அடித்தாலும், அதிக பாரம் ஏற்றினாலும், நாயைக் குறுகிய சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டிப்போட்டாலும், 1960இல் 11ஆம் பிரிவு முதல் குற்றத்துக்கு விதித்த தண்டம் 50 ரூபாய் வரைதான். இவற்றில் பெரும்பாலானவை காவல்துறை வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றங்களும் அல்ல. விலங்கைக் கொன்றாலோ, விஷம் வைத்தாலோ, ஊனமாக்கினாலோ நிலைமை வேறு: பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. இந்த வேறுபாடு தெரியாமல் காவல் நிலையப் படியேறும் ஆர்வலர் வெறுங்கையோடு திரும்ப நேரும். கோபத்துடன் போவதைவிடப் பிரிவு எண்ணுடன் போவதே விலங்குக்குப் பயன்படும்.

ஆனால் சட்டத்துக்கும் முந்திய பாடம், பார்க்கப் பழகுவது. வண்டிமாடுகள் முன்போல் இல்லை என்றாலும் இருக்கிற மாட்டின் கழுத்தை அருகே போய்ப் பார்க்க வேண்டும். நுகத்தடி உரசும் மேட்டில் முதலில் மயிர் உதிரும், பிறகு தோல் தடிக்கும், வெடிக்கும், ஈ மொய்க்கும். ஓய்வு கொடுத்து மருந்திட்டால் ஆறும். மறுநாளே பூட்டினால் மறுபடி உடையும். புண்பட்ட விலங்கை வேலை வாங்குவது தனிக் குற்றம் என்று அதே 11ஆம் பிரிவு சொல்கிறது. மாமல்லபுரம் கடற்கரையில் சவாரிக்கு நிற்கும் குதிரையின் புண் சேணத்துக்கு அடியில் மறைந்திருக்கும். சேணத்தைக் கழற்றினால்தான் தெரியும். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டதும் அது சட்டென்று படியாமல் நின்றால், உடலில் நீர் வற்றியிருக்கிறது.

பாரம் இழுக்கும் விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகளை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது. நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேலும் கூடாது. வெயில் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை பூட்டவே கூடாது. ஆணி வைத்த தார்க்குச்சிக்கும் தடை உண்டு. கத்திரி வெயில் நாட்களில் இந்த நண்பகல் விதியை மட்டும் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிவைக்கச் செய்தாலே பெரிய காரியம்.

கூண்டுக் கிளி வேறு கணக்கு. பச்சைக்கிளி 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால் அதை வளர்ப்பதும் விற்பதும் குற்றம். தகவல் போக வேண்டியது வனத்துறைக்கு. சிறகு வெட்டிய கிளியை இரக்கப்பட்டுத் திறந்துவிட்டால் பூனைக்கு இரையாகும்.

உரிமையாளரை எதிரியாக நினைப்பது இந்தப் பணியின் பெரும் பிழை. வண்டிக்காரர் பெரும்பாலும் ஏழை; அந்த மாடுதான் அவர் வீட்டின் அரிசி. முதலில் கால்நடை மருத்துவரை அழைத்துப் புண்ணைக் காட்டி, சில நாள் ஓய்வுக்கு வண்டிக்காரரை இசைய வைப்பதே முறை. கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண் இருக்கிறது. மருத்துவர் தரும் சான்று பின்னால் வழக்குக்கும் உதவும். மாவட்டந்தோறும் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் இருக்க வேண்டும் என்று 2001ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. செங்கல்பட்டு ஆட்சியரின் மனுநீதி நாளில் அதைப் பற்றிக் கேட்க எந்தக் குடிமகனுக்கும் உரிமை உண்டு.

பேச்சுக்கு மசியாமல் கொடுமை தொடர்ந்தால் தாமதம் கூடாது. குற்றம் நடந்து மூன்று மாதம் கடந்துவிட்டால் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 36ஆம் பிரிவு வழக்குக்குக் கதவை அடைத்துவிடும். ஆகவே இடம், தேதி, நேரம், பார்த்த காயம் ஆகியவற்றை அன்றைக்கே எழுதி, படத்துடன் புகாராகக் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கையோடு கேட்டு வாங்கிவிட வேண்டும்.