டிரமடாலை உடனே நிறுத்தலாமா?

அப்பாவுக்கு 58 வயது, பட்டுத்தறி நெய்கிறார். இடுப்பு வலிக்கு ஆறு மாதமாக டிரமடால். தினம் ஒன்று இப்போது மூன்றாகிவிட்டது. பயமாக இருக்கிறது, இன்றே நிறுத்திவிடலாமா? – வாசகி, சேவூர்

பயப்படாதீர்கள், ஆனால் இன்றே நிறுத்தவும் வேண்டாம். திடீரென்று விட்டால் வியர்வை, பதற்றம், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை என்று உடம்பு படுத்தும். அப்பா மாத்திரையையே மறுபடி தேடுவார். மருத்துவரிடம் மூன்று மாத்திரை கணக்கை மறைக்காமல் சொல்லுங்கள். வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்துத் தருவார்.

டிரமடால் மார்பின் வகை மருந்து. 2018 ஏப்ரலில் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வந்தது. பழைய சீட்டைக் காட்டி வாங்குவது தவறு. அதே ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, தீராத முதுகுவலி, மூட்டுவலிக்காரர்கள் 240 பேரை ஓராண்டு கவனித்தது. இவ்வகை மருந்துகள் சாதாரண வலி மாத்திரைகளைவிட மேலாக வேலை செய்யவில்லை. புற்றுநோய் வலிக்கு மார்பின் அருமருந்து. தறிக்குழி இடுப்புக்கு அப்படியல்ல.

குறைக்கும் நாட்களில் மதுவும் தூக்க மாத்திரையும் கூடவே கூடாது, மூச்சு அடங்கிவிடும். வலிப்போ மனச்சோர்வு மாத்திரையோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அரைமணிக்கொரு தரம் குழியைவிட்டு எழுந்து நடக்கச் சொல்லுங்கள். இயன்முறை மருத்துவரிடம் இடுப்புப் பயிற்சி கற்கட்டும். கால் மரத்தாலோ, சிறுநீர் கழிப்பதில் சிக்கல் வந்தாலோ தாமதிக்காமல் வேலூர் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.