நோன்பும் ஈரலின் வேலையும்

ரிங்லெட், தானாராத்தா, பிரிஞ்சாங் ஆகிய கேமரன் மலை ஊர்களில் கடை வைத்திருக்கும் நாம், ரமலானில் ஸஹர் முதல் இஃப்தார் வரை அன்னம் தண்ணீர் இன்றியே வியாபாரம் பார்க்கிறோம். அந்நேரம் உடலின் செலவுக்கு வரவு எங்கிருந்து வருகிறது என்பதை நாம் அறிந்து கொள்வது நலம்.

நமது கடைக் கணக்கையே உதாரணமாகக் கொள்வோம். இரத்தத்திலுள்ள சர்க்கரை கல்லாவில் கிடக்கும் சில்லறை. ஈரலில் சேமித்த சர்க்கரை அலமாரிச் சரக்கு. உண்ணாதிருந்தால் ஏறக்குறைய ஒரு நாளில் தீர்ந்துவிடும். கொழுப்போ கிடங்கிலுள்ள மூட்டை. ஆனால் மூளை கொழுப்பை அப்படியே எரித்துக் கொள்ளாது. ஆகவே ஈரல் அதை உடைத்து, கீட்டோன் என்னும் பொருளாக்கி இரத்தத்தில் அனுப்புகிறது. மூளைக்குச் சர்க்கரை ஒன்றே ஆகாரம் என்றுதான் முன்னர் கருதினர். 1967ல் அமெரிக்காவில் ஓவன், காஹில் முதலிய வைத்தியர்கள், பல வாரம் உண்ணாதிருந்தவர்களைச் சோதித்து, அவர்களின் மூளை பெரும்பாலும் கீட்டோனையே எரித்தது என்று காட்டினார்கள்.

கீட்டோன் உண்டாகும் வேலையில் முக்கியமான என்ஸைம் ஒன்று உண்டு. அதைச் செய்யும் விதியைத் தாங்கிய ஜீனுக்கு ஹெச்.எம்.ஜி.சி.எஸ்.2 என்று பெயர். அது மனிதனின் முதலாவது குரோமோஸோமில் இருக்கிறது. உண்டபின் சுரக்கும் இன்சுலின் அதன் வேலையை அடக்கும். பசித்திருக்கையில் அவ்வேலை கூடும்.

அபூர்வமாகச் சில பிள்ளைகளுக்கு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் இந்த ஜீனின் பழுதான பிரதி வந்துவிடுகிறது. பெற்றோர் இருவரும் பழுதான பிரதி ஒன்றை உடையவர்களானால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு அபாயம் உண்டு. பெற்றோருக்கோ ஒரு நோயும் தெரியாது. நெருங்கிய சொந்தத்தில் மணம் முடிக்கும் குடும்பங்களில் இது சற்றுக் கூடுதலாக நேரலாம். 1997ல் இக்குறையுள்ள ஒரு பிள்ளையைப் பற்றி வைத்தியப் பத்திரிகையில் எழுதினர். அத்தகைய பிள்ளை நன்றாக உண்ணும்போது சுகமாகவே இருக்கும். காய்ச்சலிலோ வாந்தியிலோ சாப்பிடாமல் கிடந்தால் சர்க்கரை இறங்கி, கீட்டோனும் போதாமல், மயக்கம் வரும்.

ஆகையால் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு, ஆகாரம் இறங்காமல் அசந்து தூங்கினால், ‘விடிந்து பார்க்கலாம்’ என்று இருத்தல் தகாது. விழுங்கக் கூடுமானால் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும். மயங்கினால் வாயில் எதுவும் ஊற்றலாகாது. தோட்டத்தின் உட்பகுதியிலிருந்து தானாராத்தா ஆஸ்பத்திரிக்கு வளைந்த மலைப்பாதை. புறப்படத் தாமதிக்கக் கூடாது. காலத்தில் சர்க்கரை ஏற்றினால் பிள்ளை தேறும். பின்பு நெடுநேரம் பட்டினி கிடக்காமல் பார்த்துக் கொண்டால், மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரலாம்.

இன்சுலின் போடும் பெரியவர்களுக்கோ இதற்கு நேர்மாறான ஆபத்து. மருந்தை நிறுத்தினால் கீட்டோன் மிதமிஞ்சி இரத்தம் புளித்து, உயிருக்கே கேடாகலாம். எனவே ரமலானுக்கு முன்பே வைத்தியரைக் கலந்து கொள்ளட்டும். சிறுவர்மேல் நோன்பு கடமையில்லை. நோயாளிக்கும் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அச்சலுகையை ஏற்பதில் வெட்கம் வேண்டாம். அல்லாஹ் நம் மக்களைக் காப்பானாக, ஆமீன்.